டாக்டரம்மாவின் இளமை ஊசி

தூத்துக்குடியில் முட்டை சேராத மக்ரூன் கிடையாது. ஊருக்கே தெரிந்த விஷயம் இது, எங்கள் டாக்டரம்மாவுக்கு மட்டும் தெரியாது. அவர் ஆழ்வார்திருநகரியில் கோயிலை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்தவர். வெங்காயம்கூட வாசல்படி தாண்டாத குடும்பம். ஆனால் சாயங்காலம் நோயாளிகள் எல்லாரும் போனபிறகு மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து, "வெறும் முந்திரியும் சீனியும்தானே சிஸ்டர்" என்று என் முகத்தைப் பார்க்காமலே கேட்டுவிட்டு ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். நானும் ஆமாம் என்பேன். ஒரு மக்ரூனுக்காகப் பொய் சொன்னால் சாத்தான்குளத்துக்காரிக்கு மோட்சம் கிடைக்காமல் போய்விடாது.

மக்ரூனில் ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவரைப் போல நேர்மையான மனுஷியை நான் பார்த்ததில்லை. பிரசவத்தில் பிள்ளை பிழைக்காது என்றால் புருஷனைக் கூப்பிட்டு நேராகச் சொல்லிவிடுவார். தன் கை பிசகியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்வார். மனசுக்குள் ஒன்றின்மேல் நிஜமாகவே ஆசை வந்துவிட்டால் மட்டும் முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஆசை யாரை விட்டது?

எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகம் வந்து பெரிய கப்பல்கள் கரையிலேயே வந்து நிற்கத் தொடங்கிய சமயம். டாக்டரம்மாவின் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். கீழே ஆஸ்பத்திரி, மாடியில் அவர் குடியிருப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும், நரைக்கு மை தடவியது கிடையாது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், கடற்கரைத் தெருக்காரர்கள், கடைவீதிக்காரர்கள் என்று பேதமில்லாமல் ஊர்ப் பிள்ளைகளில் பாதி அந்தக் கையில்தான் வந்து விழுந்தது. அந்தக் கையின் அருமை, ஆபரேஷன் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்ற எனக்குத்தான் முழுசாகத் தெரியும். ரத்தம் கொப்பளிக்கிற இடத்தில் விரலை விட்டு, கண்ணால் பார்க்காமலே ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டுவிடுவார். பூக்காரி பேசிக்கொண்டே பூத்தொடுப்பதுபோல இருக்கும்.

அந்த விரல்கள் மடங்க மறுக்க ஆரம்பித்தன. காலையில் எழுந்ததும் வெந்நீரில் கையை முக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சேலை முந்தானையைச் சொருகுவதற்கே நேரம் பிடிக்கும். பத்து மணிக்குமேல் கொஞ்சம் இளகும். இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். மருந்து இல்லாமல் இல்லை. வலியைக் குறைக்கிற மாத்திரை இருந்தது, வயிற்றைப் புண்ணாக்கிவிட்டு வலியைக் குறைத்தது. வயசான மூட்டு, சிஸ்டர், இனிமே இப்படித்தான் என்று சிரிப்பார். சிரிப்பில் அவ்வளவு சிரிப்பு இருக்காது.

எனக்கும் அந்தக் கை தேவைப்பட்டது. என் தங்கை இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். முதல் பிள்ளையை டாக்டரம்மாதான் வயிற்றைக் கிழித்து எடுத்துக் காப்பாற்றினார். இந்தத் தடவையும் கத்திதான் என்று முதலிலேயே தெரிந்துவிட்டது. டாக்டரம்மா கை படாவிட்டால் நான் மேஜையில் ஏற மாட்டேன் என்று அவள் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். அந்தக் கையின் நிலைமையை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் கப்பல் வந்தது. என்ன நாட்டுக் கப்பல் என்பது இப்போது முக்கியமில்லை. ரிப்பேருக்காக நாள்கணக்கில் நின்றது. அதில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். கப்பல் சரக்குகளுக்குத் துறைமுகத்தில் பேப்பர் வேலை பார்க்கிற ஏஜெண்டு ஒருவர், பெண்டாட்டியின் பிரசவத்தில் எங்களுக்குப் பழக்கமானவர், அந்தம்மாளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தார். இரண்டு டாக்டர்களும் உடைந்த இங்கிலீஷில் சிநேகமாகிவிட்டார்கள். அந்தம்மாளுக்கு அறுபது வயதாம். கப்பலில் கயிற்றேணியில் ஏறி இறங்குகிறாராம். காரணம் ஓர் ஊசி என்றார். புறப்படும் முன்னால் ஒரு பெட்டி நிறைய கண்ணாடிக் குப்பிகளை டாக்டரம்மாவுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

கன்றுக்குட்டியின் நெஞ்சுக்கு மேலே இருக்கிற ஒரு சுரப்பியிலிருந்து எடுத்த புரதத் துணுக்குகளாம். வயதாக ஆக மனுஷ உடம்பில் அந்தச் சுரப்பி சுருங்கிப்போவதால்தான் மூப்பு வருகிறது, வெளியிலிருந்து கொடுத்தால் மூப்பு தள்ளிப்போகும் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் நாட்டிலேயும் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, கடைக்கு வரவில்லை. குப்பியின்மேல் இருந்த எழுத்தை எங்கள் ஊரில் வாசிக்க ஆள் கிடையாது. கோயில் தெருவில் பிறந்தவர் கன்றுக்குட்டிச் சாற்றை ஏற்றிக்கொள்வாரா என்று நான் உள்ளுக்குள் நினைத்தேன். சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக்கொள்கிற இன்சுலின்கூட மாட்டிலிருந்து வருவதுதானே என்று நான் கேட்காமலே பதில் சொன்னார். மக்ரூன் ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

ஆனாலும் அவர் டாக்டர். இதனால் என்ன தொந்தரவு வரும் என்று கப்பல்காரம்மாளிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். ஒன்றுமே வராது என்றாராம். அதைத்தான் இவரால் நம்ப முடியவில்லை. "தொந்தரவே பண்ணாத மருந்துன்னா ஒண்ணு அது வேலையும் பண்ணாது, இல்லைன்னா யாரும் சரியாப் பார்க்கலைன்னு அர்த்தம்" என்றார். பெட்டி அலமாரியில் கிடந்தது.

ஏஜெண்டுக்குப் பொறுக்கவில்லை. ஆறிலும் சாவு, நூறிலும் சாவு, நடுவில் கொஞ்சம் இளமையாக இருந்துவிட்டுப் போகிறவன் போகட்டுமே என்பார். ஊரில் பணக்காரர்கள் சிலரிடம் அதற்குள் சொல்லிவைத்துவிட்டார். டாக்டரம்மா ஊசி போட ஒப்புக்கொண்டால் அடுத்த கப்பலில் இன்னும் பெட்டிகள் வரும். முதலில் என் உடம்பில் போட்டுப் பார்க்கிறேன், அதுவரை ஒருத்தருக்கும் கிடையாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவர் சொன்னது மருத்துவ நியாயம்தான். ஆனால் சொல்லும்போது கண் தன் விரல்களின்மேல் இருந்ததை நான் பார்த்தேன்.

தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டால் தனக்கு என்ன ஆகிறது என்று யார் பார்ப்பது? அதற்கு வழி வார்டிலேயே படுத்திருந்தது. சங்கு குளிப்பவர் ஒருவரின் மனைவி பிரசவித்துப் படுத்திருந்தாள். இந்தக் கரையில் முத்துக் குளித்த காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு: கடலுக்குள் இறங்குகிறவனுடைய கயிற்றை அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான் வள்ளத்தில் நின்று பிடிப்பான். ஏன் மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்று டாக்டரம்மா அவளிடம் கேட்டார்.

"வேற ஆளு பிடிச்சா அவுக எறங்க மாட்டாவம்மா," என்றாள் அவள். "தங்கச்சி தாலி அந்தக் கயித்துலல்லா கெடக்கு. கீழ கெடக்கவுகளுக்கு மூச்சு முட்டுதது தெரியாது, இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்னுதான் இருக்கும். மேல நிக்க எங்கண்ணனுக்குத்தான் நேரம் தெரியும். கேக்காம இழுத்துப்போடுவாவ."

டாக்டரம்மா அன்று முழுதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் என்னை உட்காரவைத்து, எனக்கு ஏதாவது ஆனால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். வேலை போய்விடும் என்றேன். அது போதாது, வேலை வேறே இடத்திலும் கிடைக்கும் என்றார். என் தங்கை உங்கள் கையைத்தான் நம்பியிருக்கிறாள் என்றேன். முகம் தெளிந்துவிட்டது. "அப்போ மச்சான் வேலையை நீங்கதான் பார்க்கணும். நான் நன்னா இருக்கேன்னு சொன்னா நம்பப்படாது. இழுக்கணும்னு தோணித்துன்னா என்னைக் கேட்கப்படாது."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் இருந்த சிக்கல் எனக்கு வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் உறைத்தது. ஊசி வேலை செய்தால் தங்கைக்கு அந்தக் கை கிடைக்கும். கயிற்றை இழுத்தால் கை கிடைக்காது. வள்ளத்தில் நிற்கிற மச்சானுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எவ்வளவு ஆசை இருந்தாலும் அவர் ஆரம்பித்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. முதலில் தோலுக்கடியில் ஒரு பொட்டு மருந்து. அது தடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இன்னொரு சிரிஞ்சில் அட்ரினலின் ஏற்றித் தயாராக வைக்கச் சொல்லியிருந்தார், மூச்சு அடைத்தால் உடனே குத்துவதற்கு. எங்கே குத்த வேண்டும், எவ்வளவு என்பதை எனக்குத் தெரியாததுபோல மறுபடி சொல்லிக்கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் வாரத்துக்கு ஓர் ஊசி, சனிக்கிழமை, நோயாளிகள் போனபிறகு. மறுநாள் காலையில் மேஜை இழுப்பறையின் கைப்பிடியில் தையல் நூலால் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்ட வேண்டும். அது நான் போட்ட சட்டம்.

விரல்கள் இளகத்தான் செய்தன. நான் கண்ணால் பார்த்தது. கைப்பிடியில் முடிச்சுகள் வரிசையாக, ஒன்றைவிட ஒன்று இறுக்கமாக ஏறிக்கொண்டே போயின. நன்றாகத் தூங்குகிறேன், பசிக்கிறது என்றார். ஒரு நாள் மாடிப்படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்கிவந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். மருந்தா, மருந்து என்கிற நம்பிக்கையா, எது வேலை செய்கிறதென்று சொல்வதற்கில்லை என்று அவர்தான் என்னை அடக்கினார். தங்கையிடம் போய், எல்லாம் நல்லபடியாக நடக்கும், கவலைப்படாதே என்று நான் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு, சித்திரை வெயிலில் டாக்டரம்மா முழுக்கை ரவிக்கை போட ஆரம்பித்தார். கேட்டால் கொசு என்றார். ஊசி போட்ட இடத்தில் அரிப்பு இருக்கிறதா என்றால், வேர்க்குரு என்றார். முடிச்சுகள் நன்றாகவே இருந்தன, நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதைப் பார்க்க ஆசைப்படுகிறோமோ அதுதானே கண்ணில் படும்?

காட்டிக்கொடுத்தது கைக்கடிகாரம். ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய கடிகாரம் ஒன்றை எந்நேரமும் கட்டியிருப்பார், நாடி பார்ப்பதற்காக. குளிக்கும்போதுதான் அது கையை விட்டு இறங்கும் என்று நாங்கள் கேலி செய்வோம். ஒரு சனிக்கிழமை வார்டில் ஒரு பெண்ணின் நாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் மணிக்கட்டை இழுத்து என் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கடிகாரம் எங்கே என்று கேட்கவில்லை. ரவிக்கைக் கையின் விளிம்பைப் பார்த்தேன். வார் கட்டுகிற இடம் வீங்கி, துணி சதையில் பதிந்திருந்தது.

அன்று சாயங்காலம் சிரிஞ்சைக் கொதிக்கவைத்து எடுத்துவந்தேன். வழக்கமான கையைக் காட்டாமல் மற்றக் கையை நீட்டினார். ஊசி போட்ட கையையும் பார்க்கிறேன் என்றேன். எதற்கு என்றார். பார்த்தால்தான் ஊசி என்றேன். கோபமாக ரவிக்கைக் கையை மேலே தள்ளினார். பழைய ஊசித் தடங்கள் எல்லாம் இட்லி இட்லியாகத் தடித்துச் சிவந்திருந்தன. புதுசாகப் போட்ட இடம் மட்டுமல்ல, பழையவையும் மறுபடி எழும்பியிருந்தன. படியேறும்போது மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன்.

"இன்னும் ரெண்டே ரெண்டு, சிஸ்டர். உங்க தங்கைக்கு மாசம் நெருங்கிடுத்து. அது முடியட்டும், நிறுத்திடலாம்."

சங்கு குளிக்கிறவர் மனைவி சொன்னது காதுக்குள் அப்படியே கேட்டது. தங்கையின் முகம் கண்ணுக்கு முன்னால் நின்றது. இந்த ஒன்றை மட்டும் போட்டுவிட்டால் என்ன என்று நிஜமாகவே நினைத்தேன். பிறகு சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு கைகழுவும் தொட்டிக்குப் போனேன். ஒவ்வொரு குப்பியாகக் கழுத்தை உடைத்துக் கொட்டினேன். ஒரு கண்ணாடி என் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது, அதையும் சேர்த்துக் கழுவிவிட்டேன்.

"என்ன பண்றேள்?" என்று எழுந்தேவிட்டார்.

"கயித்த இழுத்தாச்சும்மா," என்றேன்.

வெளியே போகச் சொன்னார். போனேன், ஆனால் வீட்டுக்கு இல்லை, வார்டுக்கு. அதற்குப் பிறகு வேலை சம்பந்தமான பேச்சைத் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் இல்லை. மக்ரூன் பொட்டலமும் வரவில்லை. வீட்டில் நான் அழுதேன். தங்கையின் பிரசவத்தை நானே தொட்டியில் கொட்டிவிட்டேனோ என்ற பயம். டாக்டரம்மாவின்மேல் கோபம் வேறு, என்னை இந்த வேலையில் மாட்டிவிட்டதற்கு.

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் டாக்டரம்மா கீழே இறங்கவில்லை. மேலே போய்ப் பார்த்தேன். காய்ச்சல் அனலாக அடித்தது. உடம்பெல்லாம் தடிப்பு, விரல்கள் ஒவ்வொன்றும் வாழைப்பூ மடல்போல வீங்கியிருந்தன. ஊசி நிறுத்தியபிறகும் இப்படியா என்று நான் பதறினேன். அவருக்கு மட்டும் பதற்றம் இல்லை, பாடம் ஒப்பிப்பதுபோல விளக்கினார். வேறு பிராணியின் புரதம், உடம்பு அதை எதிரி என்று கற்றுக்கொள்ள நாளாகும், கற்றுக்கொண்டபிறகு விடாது, மூட்டு, தோல், ரத்தக்குழாய் எல்லாவற்றிலும் சண்டை பிடிக்கும். முதலில் தோலில் பார்த்த பரிசோதனை அந்த முதல் நாளுக்குத்தான் ஜவாப்தாரி, அடுத்த மாதத்துக்கு இல்லை. "அன்னிக்குப் போட்டிருந்தேள்னா தொண்டை அடைச்சிருக்கும். இப்போ உங்களோட பேச நான் இருந்திருக்க மாட்டேன்." பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்குத் தெரியும் சிஸ்டர். வீங்க ஆரம்பிச்ச அன்னிக்கே தெரியும்."

காய்ச்சல் இறங்கியது. விரல்கள் இறங்கவில்லை, முன்பைவிட மோசம். அந்தக் கையோடு அவர் கீழே வந்து வெளிநோயாளிகளைப் பார்க்க உட்கார்ந்த முதல் நாளே ஏஜெண்டு வந்துவிட்டார். காதோடு காதாக ஏதோ கேட்டார். இன்னொரு டாக்டராக இருந்தால் காதோடு காதாகவே பதில் சொல்லியிருப்பார். ஐம்பத்தைந்தைத் தாண்டிய கன்னிகழியாத டாக்டர் இளமை ஊசி போட்டுக்கொண்டாள் என்றால் இந்த ஊர் வாய் சும்மா இருக்குமா? டாக்டரம்மா அவ்வளவு பெண்களுக்கும் முன்னால் இரண்டு கையையும் மேஜைமேல் தூக்கி வைத்தார். "நன்னாப் பாருங்கோ. இதுதான் நீங்க கேட்ட இளமை. நானே போட்டுண்டேன். முதல்ல நன்னாத்தான் இருந்தது. நன்னா இருந்ததைச் சொல்றவா இதையும் சேர்த்துச் சொல்லணும்."

ஏஜெண்டு முகம் சுண்டிப்போய்க் கிளம்பினார். ஊர் பேசத்தான் செய்தது. கடைவீதியில் என்னிடமே, என்னளா, ஒங்க டாக்டரம்மா கொமரியாகப் பாத்தாவளாமே என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் இரகசியமாகப் பணம் எடுத்துவைத்திருந்த பெரிய மனிதர்களில் ஒருவர்கூட அதற்குப் பிறகு அந்த ஊசியைப் பற்றி மூச்சுவிடவில்லை. டாக்டரம்மா கப்பல் டாக்டருக்கும் நடந்ததை ஒன்று விடாமல் எழுதினார், பதில் வரவில்லை. தன் மானத்தைக் கொடுத்து அடுத்தவர் உயிரைக் காப்பாற்றுவது என்பதை நான் அப்போதுதான் நேரில் பார்த்தேன். அவரிடம் வேலை பார்த்ததை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

தங்கைக்கு நாள் வந்தது. டாக்டரம்மா பாளையங்கோட்டையிலிருந்து ஓர் இளம் டாக்டரை வரவழைத்தார். இவரிடம் வேலை கற்றுக்கொண்டு போனவர்தான். ஆம்பிளை டாக்டரா என்று தங்கை கட்டிலைப் பிடித்துக்கொண்டு மறுத்தாள். டாக்டரம்மா தன் கையை அவளிடமும் காட்டினார், மறைக்கவில்லை. நான் உன் தலைமாட்டை விட்டு நகர மாட்டேன் என்றார். அதன்பிறகுதான் ஒத்துக்கொண்டாள்.

சொன்னபடி தலைமாட்டில் நின்றார். வீங்கின விரல் தங்கையின் நாடியில் இருந்தது, கண் நான் கழற்றிக் கொடுத்திருந்த என் கடிகாரத்தில் இருந்தது. இளம் டாக்டர் நன்றாகவே செய்தார். பெண் குழந்தை. பிறந்ததுமே கத்திக் கூப்பாடு போட்டாள். எனக்குக் கண் மறைத்துவிட்டது, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி நூலை எடுத்துக் கொடுத்தேன்.

தையலில் கடைசி முடிச்சு மிச்சம் இருந்தது. இளம் டாக்டர் கையை நிறுத்திவிட்டு, மரியாதைக்காக, இதை மட்டும் நீங்கள் போடுங்கள் மேடம் என்று நூலின் நுனியை நீட்டினார். டாக்டரம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கையைக் கழுவி உறை மாட்டிக்கொண்டார். ஓர் அடி முன்னால் வந்தார். விரல்களைப் பார்த்தார். பிறகு மேஜைக்கு எதிரே நின்ற என்னைப் பார்த்தார். அத்தனை வருஷமும் சிஸ்டர் என்பதைத் தவிர வேறு பெயரில் என்னை அழைத்ததில்லை.

"சொல்லுங்கோ மச்சான், போடலாமா?"

இளம் டாக்டர் ஒன்றும் புரியாமல் தலைதூக்கிப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். டாக்டரம்மா சரி என்று சொல்லிவிட்டு, நூலைத் தொடாமல் பின்னால் நகர்ந்து, உறையைக் கழற்றினார். அதற்குப் பிறகு அவர் உறை மாட்டவே இல்லை.